வேலை சலுகையன்று, உரிமை
(படுவான்கரையில் உழவரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வறிய குடும்பங்களுக்கு வேலை தந்து அவற்றை வறுமையினின்றும் மீட்போம் என்று அரசாங்கங்கள் கூறுவதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அவ்வாக்குறுதிகளால் விளைந்த பயன் என்ன? இனி நாம் கேட்க வேண்டியது யாது? இவ்விரண்டைப் பற்றியுமே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் நம் நிலைமையை நோக்குவோம். உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீர் எட்டும் வட்டைகளில் இரு போகம் உண்டு. மழையை நம்பிய வயல்களிலோ மாரிப் போகம் ஒன்றே. அங்கே காணியற்ற குடும்பத்துக்கு முன்னாளில் அறுவடையே பெரிய கூலிக் காலம். இன்று அறுவடை இயந்திரம் பல நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. போடியாரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்கும் செலவு கட்டுபடியாக வேண்டும். ஆயினும் போன கூலி நாட்களுக்கு ஈடு எங்கே? வாவி மீனவர் நிலையும் இதுவே. இறால் வரத்துக் குறைந்த மாதங்களில் அவர் வெறுந்தோணியோடு கரை சேர்கிறார். இந்த வேலையற்ற மாதங்களிலேதான் நுண்கடன் வாசலுக்கு வருகிறது. தாயொருத்தி பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு மத்திய கிழக்குக்குப் புறப்படுகிறாள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1989இல் வந்த ஜனசவியத் திட்டம், தெரிவு செய்யப்பட்ட குடும்பத்துக்கு 24 மாதங்களுக்கு மாதம் 2,500 ரூபா என வகுத்தது. அதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. 1,042 ரூபா சேமிப்புக்கு. முடிவில் 25,000 ரூபா கைமுதலாகும் என்பது கணக்கு. எண்ணம் பெரிது, ஆனால் 1990 ஜூனில் கிழக்கு மீண்டும் போர்க்களமாயிற்று. 1995இல் சமுர்த்தி வந்தது. 2023இல் அஸ்வெசும வந்தது. பசித்தவருக்குக் கிடைக்கும் உதவியை நாம் இகழோம். எனினும் உதவிப் பணம் வேலைக்கு ஈடாகாது.

2020 செப்டெம்பரில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் வேலை என்ற திட்டம் தொடங்கிற்று. கல்வித் தகைமை குறைந்தோரைச் சேர்த்து, ஆறு மாதப் பயிற்சிக்கு மாதம் 22,500 ரூபா படி கொடுத்து, பின் அரச சேவையின் ஆரம்பநிலைப் பதவியில் அமர்த்துவதே அதன் ஏற்பாடு. வேலை பெற்ற குடும்பம் தலைநிமிர்ந்தது. அதில் நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் உள்ளே புகுந்தவருக்கு மாதச் சம்பளம்; வெளியே நின்ற அயலவருக்கு ஒரு நாட் கூலிதானும் இல்லை. “எனக்கும் வேலை தருக” என்று கேட்க அவருக்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லாப் பிரசைகளுக்கும் போதிய வாழ்க்கைத் தரம் கிடைக்கச் செய்வது அரசின் குறிக்கோள் என்கிறது. 29ஆம் உறுப்புரையோ, அக்குறிக்கோள்களை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று கதவை அடைக்கிறது. ஆகவேதான் வேலை சலுகையாகிறது. சலுகை என்றால் பட்டியல்; பட்டியல் என்றால் அரசியல்வாதியின் வீட்டு முற்றத்தில் காத்துக்கிடத்தல்.

வேறு வழி இல்லையா? உண்டு. 1972–73இன் கொடிய வறட்சிக்குப் பின், மகாராஷ்டிர மாநிலம் 1977இல் வேலை உத்தரவாதச் சட்டம் இயற்றியது. உடலுழைப்புக்கு முன்வரும் கிராமத்தவருக்கு வேலை தருவதை அது அரசின் கடமையாக்கிற்று. அதற்குப் பணம் தந்தவர் யார்? சம்பளக்காரரும் வழக்கறிஞரும் மருத்துவரும் செலுத்திய தொழில் வரி. அதற்குச் சமமான தொகையை மாநில அரசும் இட்டது. பின்னர் 2005இல் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், கிராமக் குடும்பத்துக்கு ஆண்டில் 100 நாள் வேலையை உரிமையாக்கியது. கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிடில் படி தர வேண்டும் என்றும் அது வகுத்தது. பயனாளரில் மூன்றில் ஒரு பங்கினரேனும் பெண்களாய் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. கூலி தாமதமான குறைகளும் அங்கே நிகழ்ந்தன. ஆனால் அதைக் குறையென்று கேட்கும் அதிகாரத்தைத் தொழிலாளிக்கு அச்சட்டமே தந்தது.

உழவர் ஒருவர் கேட்கலாம்: “அரசாங்கம் கூலி கொடுத்தால் என் வயலுக்கு ஆள் வருமா?” நியாயமான கேள்வி. விதைப்பும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் இவ்வேலையை நிறுத்தி, மற்ற மாதங்களில் நடத்துக. எந்த வேலை என்பதைக் கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் தீர்மானிக்கட்டும். குளக்கட்டு உயர்த்தல், வாய்க்கால் துப்புரவாக்கல், வாவியோரம் கண்டல் நடுதல் ஆகிய வேலைகளின் பயன் உழவருக்கும் மீனவருக்குமே வந்து சேரும்.

உத்தியோகத்தர் ஒருவர் கேட்கலாம்: “2022இல் வங்குரோத்தான நாட்டில் பணம் ஏது?” நிரந்தரப் பதவி ஆயுட்செலவு, கேட்ட நாளுக்குக் கொடுக்கும் கூலியோ, அந்த நாளின் செலவு மட்டுமே. பம்பாயின் சம்பளக்காரர் தூரத்து வறட்சிக் கிராமத்துக்காக வரி செலுத்தினர். வாவிக்கு அப்பாலுள்ள உறவினருக்காக நாம் சிறிது செலுத்தினால் குறைந்தா போவோம்?

ஆகவே நாம் கேட்பன மூன்று. வேலையற்ற மாதங்களில் இத்தனை நாள் வேலை என்று சட்டம் வரையறுக்க வேண்டும். வேலை வீட்டுக்கு அண்மையில் அமைந்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி அவரவர் கணக்கிலேயே சேர வேண்டும். வேலை செய்தோர் பெயரும் பெற்ற தொகையும் கிராமக் கூட்டத்தில் தமிழில் உரக்க வாசிக்கப்பட வேண்டும்.

இதற்கு முதற்படி நம் கையிலேயே உள்ளது. ஒவ்வொரு கிராமமும் தனக்கு வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டுப் பிரதேச செயலகத்தில் கையளிக்கட்டும். எழுத்து வேலையில் துணைநிற்க எம்போன்ற சட்டத்தரணிகள் ஆயத்தமாயுள்ளோம். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருவோரிடம், “என் மகனுக்கு ஒரு வேலை” என்று கை கூப்பாதீர்கள். “எல்லார் மக்களுக்கும் ஒரு சட்டம்” என்று கேளுங்கள். அதற்கு அவர் தரும் விடையைப் பார்த்து வாக்களியுங்கள்.