மண் தள்ளும் போர் வண்டி

படை என்றதும் நம் நினைவுக்கு வருவன தேரும் யானையும் குதிரையும் காலாளும். நால்வகைப் படை என்று முன்னோர் வகுத்த அந்தக் கணக்கில் சேராத ஒருவனும் என்றும் படையோடு நடந்து வந்திருக்கிறான். அகழியைத் தூர்ப்பவன் அவன். மதிலின் அடியைக் குடைபவன் அவன். சேற்று நிலத்தில் வழி அமைப்பவனும் அவனே. வாள் பிடித்தவனுக்குப் பாட்டில் கிடைத்த இடம் பெரிது; மண்வெட்டி பிடித்தவனுக்குக் கிடைத்த இடம் சிறிது.

இன்று அவனைப் பொறியாளர் படையினன் என்கிறோம். சாப்பர் என்னும் ஆங்கிலப் பெயர், பகைவனின் கோட்டையை நோக்கி மறைவாகத் தோண்டிச் செல்லும் பள்ளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 1780இல் தோன்றிய மதராஸ் சாப்பர் படை பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. அப்படையில் பணியாற்றிய என் பழைய மாணவன் ஒருவன், "ஐயா, டாங்கி போவதற்கும் யாராவது முன்னே போய் வழி செய்ய வேண்டும்" என்று ஒரு முறை சொன்னான். அவ்வாறு வழி செய்யும் வண்டியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நேயர்களே, இவ்வண்டி பிறந்த இடம் போர்க்களம் அன்று, கழனி. சக்கரம் புதையும் மென்னிலத்தில் வேலை செய்வதற்காக, அமெரிக்கக் கலிபோர்னியாவில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904இல் தொடர்பட்டையின் மேல் ஓடும் டிராக்டரைச் சோதித்துப் பார்த்தார். சக்கரம் வண்டியின் எடையைச் சிறிய இடத்தில் ஊன்றுவதால் புதைகிறது. பட்டையோ அதே எடையை நீளப் பரப்பிவிடுகிறது. முதல் உலகப் போரில் பீரங்கிகளை இழுத்த அந்த டிராக்டர்கள், டாங்கி என்னும் எண்ணத்துக்கே தூண்டுகோலாயின. பிற்காலத்தில் டிராக்டரின் முன்புறம் அகன்ற இரும்புத் தகடு ஏறியது, அதுவே புல்டோசர்.

1944 ஜூன் 6ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்கிய பிரிட்டிஷ் படையினர், கவசம் போர்த்திய புல்டோசர்களைக் கொண்டு சென்றனர். தடைகளை அகற்றி, மணலில் வழி திறப்பது அவற்றின் வேலை. ஆனால் அவை டாங்கிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஆகவே, சென்டார் என்னும் டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தைக் கழற்றிவிட்டு, முன்னே மண் தள்ளும் தகட்டைப் பொருத்தினர். உழவு வண்டியைப் பார்த்துப் பிறந்த டாங்கி, மண் வேலைக்கே திரும்பி வந்தது!

அதே ஆண்டு மே மாதம் நம் நாட்டுக் கோஹிமாவிலும் இதன் பயன் விளங்கிற்று. செங்குத்தான சரிவில் பொறியாளர்கள் வழி வெட்டித் தந்த பின்னரே, துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் ஆடுகளத்துக்கு ஒரு டாங்கியை இறக்கி, ஜப்பானியரின் பதுங்கு குழிகளை மிக அருகிலிருந்து தகர்க்க முடிந்தது.

இனி, வகுப்பறைக்கு ஏற்ற ஒரு புதிரைக் கூறுகிறேன். மண்ணைத் தள்ள வேண்டுமானால் வண்டி கனமாக இருக்க வேண்டும். இல்லையேல் பட்டை வழுக்கும். விமானத்தில் ஏற்ற வேண்டுமானால் வண்டி இலேசாக இருக்க வேண்டும். இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது? 1980களில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த எம்-9 என்னும் வண்டி இதற்கு விடை கண்டது. அலுமினிய உடல் கொண்ட அது வெறுமையாக நிற்கும்போது ஏறத்தாழ 16 டன். களம் சேர்ந்ததும் தன் முன்புறத் தொட்டியில் அங்குள்ள மண்ணையே வாரி நிரப்பிக்கொண்டு ஏறத்தாழ 24 டன் ஆகிவிடும். மண்ணைத் தள்ள மண்ணே எடைக்கல்! தகட்டைத் தனியே தாழ்த்துவதில்லை. வண்டியே முன்னால் குனிந்து மண்ணைச் சுரண்டும். இவ்வளவையும் இயக்குபவர் ஒரே ஒருவர்.

அறிவின் அழகை வியந்த நாம் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1991 பிப்ரவரியில், வளைகுடாப் போரின்போது, கலப்பை பூட்டிய டாங்கிகளும் மண் தள்ளும் வண்டிகளும் ஈராக்கியரின் பதுங்கு பள்ளங்களை மூடின. சரணடையாமல் உள்ளே இருந்த வீரர்கள் சிலர் உயிரோடு மண்ணில் புதையுண்டனர். எத்தனை பேர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எதிர்த்து நிற்கும் பகைவனை இவ்வாறு கொல்வது போர்ச் சட்டத்துக்கு மாறானதன்று என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1992இல் அறிக்கை தந்தது. சட்டத்தின் விடை அதுவாக இருக்கலாம். ஆயினும் மனம் அவ்வளவில் அமைதி பெறுவதில்லை.

மலைச்சரிவில் மண் சரிந்து ஊர்கள் துண்டிக்கப்படும்போது, மருந்தும் உணவும் செல்ல வழி திறப்பதும் இத்தகைய வண்டிகளே. 1960இல் தொடங்கப்பெற்ற எல்லைச் சாலை அமைப்பு இமயத்தில் இப்பணியை ஆண்டுதோறும் செய்து வருகிறது. பள்ளத்தை மூடுவதும் பாதையைத் திறப்பதும் அத்தகட்டுக்கு ஒரே வேலை. வேறுபாட்டை அறிய வேண்டியவர்கள் அதை ஓட்டுபவரும், ஓட்டச் சொல்லி ஆணையிடுபவருமே. நம் பிள்ளைகளுக்கு எந்திரத்தின் இயக்கத்தைக் கற்பிக்கும் அதே பாடவேளையில் இதனையும் கற்பித்தல் ஆசிரியர் கடமை என்று கருதுகிறேன்.