காரைத் தரையோடு கட்டிப்போட்ட காற்று

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் மெக்கானிக்கல் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)

ஒவ்வொரு வருடமும் ஒரு மூத்த பொறியாளரைப் பற்றிப் பேசி அவருக்கு மரியாதை செய்வது நம் சங்கத்தின் வழக்கம். இந்த வருடம் எங்கள் பிரிவின் முறை. "யாரைப் பத்திப் பேசப் போறே?" என்று செயலாளர் அண்ணன் கேட்டார். "ஜிம் ஹால்" என்றேன். "யாருப்பா அது, இங்கிலீஷ் படத்துல வர்றவரா?" என்றார். அவர் மேல் தப்பில்லை. ரேஸ் என்றால் ஓட்டுகிறவர் பெயர்தான் நமக்குத் தெரியும். அந்தக் காரை யோசித்தவரின் பெயர் போனெட்டுக்குள்ளேயே இருந்துவிடும்.

ஜிம் ஹால் 1935ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் அபிலீன் என்ற ஊரில் பிறந்தவர். எண்ணெய்க் கிணறு வைத்திருந்த வசதியான குடும்பம். கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு விமான விபத்தில் தாயையும் தந்தையையும் ஒரு சகோதரியையும் ஒரே நாளில் இழந்தார். படிப்பை அவர் விடவில்லை. கலிபோர்னியாவில் கால்டெக் என்று அழைக்கப்படும் புகழ்பெற்ற நிலையத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து 1957ல் வெளியே வந்தார். கார் ஓட்டுவதிலும் கெட்டிக்காரர். ஃபார்முலா ஒன் பந்தயங்களிலும் ஓட்டியிருக்கிறார்.

1962ல் ஹாப் ஷார்ப் என்ற நண்பரோடு சேர்ந்து மிட்லண்ட் என்ற ஊரில் "சாப்பரல் கார்ஸ்" என்ற சிறிய பட்டறையைத் தொடங்கினார். சாப்பரல் என்பது அந்தப் பக்கத்துப் பொட்டல் காட்டில் தலைதெறிக்க ஓடும் ஒரு பறவையின் பெயர். மிட்லண்ட் கார்த் தொழிலுக்குப் பேர்போன ஊர் அல்ல, எண்ணெய் எடுக்கும் ஊர். டெட்ராய்ட் எங்கோ, இது எங்கோ. ஆனால் பட்டறைக் கதவைத் திறந்தால் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு ஓடுபாதை. சுமார் 2 மைல் நீளம். "ராட்டில்ஸ்னேக் ரேஸ்வே" என்று பெயர், அதாவது விரியன் பாம்பு ஓடுகளம்! காலையில் ஒரு பாகத்தை மாற்றுவது, மதியம் ஓட்டிப் பார்ப்பது, சாயங்காலம் மறுபடி பிரிப்பது. இதுதான் அவர்கள் வேலை செய்த விதம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மற்ற பிரிவு நண்பர்களும் இருப்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும்.

வேகமாக ஓடும் காருக்கு மேல் காற்று என்ன செய்கிறது? 1960 வாக்கில் பெரும்பாலான ரேஸ்காரர்களின் கவலை ஒன்றே ஒன்றுதான். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், அதனால் உடம்பை வழுவழுப்பாகச் செய். அப்படிச் செய்த கார்கள் நேர்ப்பாதையில் பறந்தன. நிஜமாகவே பறக்கப் பார்த்தன. வேகம் கூடினால் முன்பக்கம் லேசாகித் தூக்கும், ஸ்டியரிங் கைக்கு அடங்காது. ஹால் அணியின் முதல் சாப்பரல் 2 காரிலும் இந்தத் தொல்லை இருந்தது. முன்மூக்கின் அடியில் ஒரு தடுப்புத் தகடு வைத்து அதை அடக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்று. ஆனால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். தூக்குவதை நிறுத்த முடிகிறது என்றால், காற்றை வைத்தே காரைக் கீழே அமுக்க முடியாதா?

அதனால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். 800 கிலோ எடையுள்ள கார் ஒன்று. அதில் 200 கிலோ மணல் மூட்டை ஏற்றுகிறோம். டயரின் பிடிப்பு நாலில் ஒரு பங்கு கூடும். ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய எடையும் நாலில் ஒரு பங்கு கூடிவிட்டதே! ஆகவே ஒரு பைசா லாபமில்லை. அதே 200 கிலோவைக் காற்று அமுக்கினால்? டயருக்குப் பாரம் கூடுகிறது, காரின் எடை கூடவில்லை. காற்றுக்கு மூட்டை கிடையாது. வளைவில் தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், 100 கிலோமீட்டரில் எடுத்த வளைவைச் சுமார் 112ல் எடுக்கலாம். ஒரு சுற்றில் பத்து வளைவு இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

1965ல் சாப்பரல் 2 வகைக் காரில் ஹாலும் ஷார்ப்பும் மாறி மாறி ஓட்டி செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள். அன்றைக்கு அடைமழை. கிளட்சை மிதித்து கியர் மாற்றும் வழக்கமான ஏற்பாட்டுக்குப் பதிலாக டார்க் கன்வெர்ட்டர் வைத்த கியர்பாக்ஸ் அந்தக் கார்களில் இருந்தது. "ரேஸ் காரில் ஆட்டோமேட்டிக்கா" என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் கிளட்ச் இல்லாததால் டிரைவரின் இடது கால் சும்மா இருந்தது அல்லவா? அந்தக் காலுக்கு ஒரு வேலை கொடுத்தார் ஹால்.

1966ல் வந்தது சாப்பரல் 2ஈ. பின்சக்கரங்களுக்கு மேல் இரண்டு கம்பங்கள், அதன் உச்சியில் ஒரு விமான இறக்கை, ஆனால் தலைகீழாக. கம்பங்கள் காரின் உடம்பில் ஊன்றப்படவில்லை, சக்கர அச்சைத் தாங்கும் பாகத்திலேயே ஊன்றப்பட்டன. இதில்தான் சூட்சுமம். உடம்பில் வைத்தால் காற்று முதலில் ஸ்பிரிங்கை அமுக்கும், கார் குந்திக்கொள்ளும். சக்கரத்தில் வைத்தால் பாரம் நேரே டயருக்குப் போகும். இடது காலால் ஒரு பெடலை அழுத்தினால் இறக்கை படுத்துக்கொள்ளும், நேர்ப்பாதையில் காற்றுத் தடை குறையும். காலை எடுத்தால் இறக்கை சாய்ந்து நின்று அமுக்கும். ஏதாவது கோளாறு என்றால் தானாகவே பத்திரமான நிலைக்கு வரும்படி யோசித்து வைத்தது இது. ரேடியேட்டரையும் மூக்கிலிருந்து எடுத்து இரண்டு பக்கவாட்டிலும் வைத்தார்கள். பிற்காலத்து ரேஸ் கார்களில் இது சாதாரண விஷயமாகிவிட்டது. அந்த வருடம் லகுனா சேகா பந்தயத்தில் ஃபில் ஹில் அந்தக் காரை ஓட்டி ஜெயித்தார். 1967ல் இதே முறையில் செய்த 2எஃப் கார் இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத்தை வென்றது.

பிறகு எல்லோரும் இறக்கை வைத்தார்கள். இறக்கையைப் பார்த்தார்களே தவிர கம்பத்தின் பலத்தைப் பலர் பார்க்கவில்லை. 1969 மே மாதம் ஸ்பெயின் பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயரமான இறக்கைகள் ஒடிந்து பெரிய விபத்துகள் நடந்தன. அதே மாதம் உயர இறக்கைகளுக்கே தடை வந்தது.

இதற்கு முந்தைய வருடக் கடைசியில், 1968ல், லாஸ் வேகாஸ் பந்தயத்தில் ஹாலே மோசமான விபத்தில் சிக்கி இரண்டு கால்களும் நொறுங்கிப் போயின. ஓட்டுகிற வாழ்க்கை ஏறக்குறைய அதோடு முடிந்தது. காலும் போச்சு, இறக்கையும் போச்சு. நம்மில் எத்தனை பேர் அதற்குப் பிறகும் டிராயிங் போர்டுக்குத் திரும்பிப் போயிருப்போம்?

அவர் போனார். இறக்கைக்கு ஒரு பலவீனம் உண்டு. வேகம் பாதியானால் அமுக்கும் விசை கால்வாசியாகிவிடும். மெதுவான வளைவில் அது வெறும் அலங்காரம். அப்படியானால் வேகத்தை நம்பாத அமுக்கம் வேண்டும். செவர்லே கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவு இன்ஜினியர்களோடு சேர்ந்து 1970ல் 2ஜே என்ற காரைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்கு சக்கரம் வைத்த பெட்டி. பின்னால் இரண்டு பெரிய விசிறிகள். அவற்றைச் சுற்ற, பனியில் ஓடும் வண்டிக்கான ஒரு குட்டி 2-ஸ்டிரோக் என்ஜின் தனியாக. காரின் அடிப்பக்கத்தைச் சுற்றித் தரையை ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் பாவாடை. விசிறி காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும், அடியில் காற்றழுத்தம் குறையும், வெளிக்காற்று காரைத் தரையோடு ஒட்டவைக்கும். நின்றாலும் அமுக்கும், ஓடினாலும் அமுக்கும்!

அந்தக் கார் கலந்துகொண்டது நாலே பந்தயங்களில். மூன்றில் தகுதிச் சுற்றில் முதலிடம். ஆனால் ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. பிரேக், என்ஜின் என்று ஏதாவது காலை வாரிவிட்டது. இருந்தாலும் போட்டியாளர்கள் பயந்துபோய் ஆட்சேபம் எழுப்பினார்கள். அசையும் காற்றுச் சாதனம் என்று சொல்லி அந்த வருடக் கடைசியில் தடை செய்துவிட்டார்கள். 1978ல் ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லாடா பிரபாம் விசிறிக் காரை ஓட்டி ஜெயித்தபோது உலகம் ஆச்சரியப்பட்டது. எட்டு வருடத்துக்கு முன்பே அந்த மூச்சு மிட்லண்டில் ஓடிவிட்டது.

ஹால் சோர்ந்துபோய் சில காலம் ஒதுங்கினாலும் திரும்பி வந்தார். 1978ல் அல் அன்சர் அவருடைய அணிக்காக இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை வென்றார். அடுத்து வந்தது மஞ்சள் நிற 2கே. அடிப்பக்கத்தையே தலைகீழ் இறக்கை போல வளைத்து, விசிறி இல்லாமலே உறிஞ்சும் கார். ஜானி ரூதர்ஃபோர்ட் அதை ஓட்டி 1980ல் இண்டியானாபொலிஸையும் அந்த வருடத்து சாம்பியன் பட்டத்தையும் வென்றார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2கே காரை வடிவமைத்தவர் ஜான் பர்னார்ட் என்ற ஆங்கிலேயர். ஒருவரைப் பாராட்ட இன்னொருவரின் உழைப்பை மறைப்பது பாராட்டு ஆகாது. ஹாப் ஷார்ப், செவர்லே இன்ஜினியர்கள், பட்டறை மெக்கானிக்குகள் எல்லோரும் சேர்ந்ததுதான் சாப்பரல்.

ஹால் எழுபதை நெருங்கிய வயதில், 2004ல், மிட்லண்டிலுள்ள பெட்ரோலியம் மியூசியத்தில் அவருடைய கார்களுக்கென்றே ஒரு தனிக்கூடம் திறந்தார்கள். தடை செய்யப்பட்ட காரும் அதில் மரியாதையோடு நின்றது.

இப்போது சில அண்ணன்மார்கள் மனதுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "அவருக்கென்னப்பா, எண்ணெய்க் கிணறு இருந்தது. நமக்கு வீட்டு லோன் இருக்கு." வாஸ்தவம்தான். பணம் இல்லாமல் ஓடுபாதை போட முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் பணக்காரர்கள் பலர் ரேஸ் ஓட்டினார்கள். அவர்கள் காரை வாங்கினார்கள். இவர் கேள்வியை வாங்கினார். அதற்குக் காசு தேவையில்லை, ஓட்டிப் பார்த்து அளந்து பார்க்கும் பழக்கம்தான் தேவை.

நான் பஸ் பாடி கட்டும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு மாடலில் பின் கண்ணாடி முழுக்கப் புழுதி அப்பிக்கொள்கிறது என்று புகார். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள், அதுவும் சரியான வழிதான், ஆனால் நாளாகும். அதற்குள் நானும் இரண்டு பையன்களும் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி டேப் போட்டு ஒட்டி, பைபாஸில் ஓட்டச் சொல்லி, பின்னால் வேறு வண்டியில் போய் வீடியோ எடுத்தோம். கூரை விளிம்பிலிருந்து காற்று சுருண்டு திரும்பி வருவதை நூலே காட்டிக்கொடுத்தது. விளிம்பில் ஒரு சிறு தகடு வைத்ததும் புழுதி நன்றாகக் குறைந்தது. இந்த நூல் வித்தையை நான் எங்கே கற்றேன் தெரியுமா? இதோ இந்தக் காலேஜில், ஃப்ளூயிட்ஸ் லேபுக்குப் பின்னால் இருக்கும் பழைய காற்றுச் சுரங்கத்தில், அதாவது நாமெல்லாம் "விண்ட் டன்னல்" என்று சொல்வோமே, அதில்.

இன்று காலை போய்ப் பார்த்தேன். தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. மோட்டார் காயில் கருகி மூன்று வருடமாயிற்றாம். மெக்கானிக்கலில் சேரும் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் அந்த இடத்தைக் கம்ப்யூட்டர் லேபாக மாற்றும் யோசனையும் இருக்கிறதாம். கல்லூரியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் வரும் பக்கம்தான் நிர்வாகம் போக முடியும். ஆனால் அந்தச் சுரங்கத்தை ஒரு தடவை பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் திரும்ப வராது. கம்ப்யூட்டர் சொல்வது சரியா என்று பார்க்க ஒரு நூலாவது ஆடும் இடம் வேண்டாமா?

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் மூன்று. மோட்டாரை ரீவைண்டிங் செய்யும் செலவை எங்கள் செட் ஏற்றுக்கொள்ள மேடைக்கு வரும் முன்பே பேசி முடித்துவிட்டோம். அளவுக் கருவிகளை மற்ற செட்டுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். மாதம் ஒரு சனிக்கிழமை, இந்த ஊரைச் சுற்றி வேலை பார்க்கும் நாம் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பிள்ளைகளோடு நிற்க வேண்டும். முதல் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கம்பளி நூலும் டேப்பும் நானே கொண்டுவருகிறேன்.

கடல் கடந்த ஒரு பொறியாளருக்கு நாம் போடக்கூடிய நல்ல மாலை அந்த மோட்டார் மறுபடி சுற்றுவதுதான்.