மாடம் உயர்க, தெருவும் வாழ்க!

(கடமலைக்குண்டில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



வையையின் தலைநிலத்தில், மலையடிவாரத்தில் வாழும் மக்கள் முன்னிலையில் சென்னையின் வானளாவிய கட்டடங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். அதற்குக் கரணியம் உண்டு. வருசநாட்டுச் சரிவுகளில் காய்த்து வெடிக்கும் இலவம்பஞ்சு, போடிநாயக்கனூர் வழியே சென்று, நகரத்துக் கடையில் மெத்தையாகவும் தலையணையாகவும் விலையேறி நிற்கிறது. தென்மாவட்டச் சிற்றூர்களின் பிள்ளைகள் அக்கடைகளிலே பொழுதெல்லாம் நின்றபடி உழைக்கின்றனர். பொருளும் இவ்வூர்களது, உழைப்பும் இவ்வூர்களது. எனவே, நகரத்துத் தெரு யாருக்கு உரியது என்னும் வினா கடமலைக்குண்டின் வினாவும் ஆகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மாடி கட்டுவது தமிழர்க்குப் புதியதன்று. எழுநிலை மாடம் கழக இலக்கியத்திலேயே பேசப்படுகிறது. ஆனால், அம்மாடங்களின் நிழலில் அங்காடியும் வாழ்ந்தது. மதுரையில் பகலுக்கு நாளங்காடியும் இரவுக்கு அல்லங்காடியும் இருந்தமையை மதுரைக்காஞ்சி காட்டும். பூம்புகாரிலோ, பரதவரும் கைவினைஞரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கத்திற்கும், அரசனும் பெருவணிகரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்திற்கும் இடையே, மரச்சோலையில் நாளங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். நகரமைத்த முன்னோர் அங்காடியை ஒதுக்குப்புறத்தில் தள்ளவில்லை, நடுவிலே வைத்தனர். எளியவரும் செல்வரும் எதிர்ப்படும் இடம் அதுவே அன்றோ!

இனி, இற்றைத் தியாகராயர் நகரைக் காண்க. 1920களில், நீதிக்கட்சி ஆட்சியின்போது, மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச் செய்து எழுப்பப்பெற்ற குடியிருப்பு அது. பாண்டி பசார் என்று சிதைந்து வழங்கும் அதன் கடைத்தெருவின் உண்மைப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. அப்பெயருக்கு உரிய ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் இந்த மண்ணுக்கு அயலவர் அல்லர். வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டியார். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் தன்மதிப்பு மாநாட்டின் தலைவர். இராமநாதபுரம் மாவட்ட வாரியத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டவர். சாலை எல்லார்க்கும் பொது என்று நிலைநாட்டிய அப்பெருமகனாரின் பெயர் தாங்கிய தெருவிலேயே, நடைபாதையில் கடை விரித்த எளியவர்கள் 2013-இல் அகற்றப்பெற்று, ஓர் அடுக்குக் கட்டடத்திற்குள் அனுப்பப்பெற்றனர். 2019 நவம்பரில் அத்தெரு அகன்ற நடைபாதையோடு அழகுற்றது.

நடப்போர்க்கு வழி வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஆனால், தெருக்கடையின் வாழ்வு எதில் இருக்கிறது? போகிறவர் கண்ணில் படுவதில் இருக்கிறது. ஒரு முழம் பூவுக்கும், ஒரு சோடி வளையலுக்கும், ஒரு கைக்குட்டைக்கும் படியேறிச் செல்வார் யார்? கூரை கொடுத்தோம் என்பர், வாங்குவோரைக் கொடுக்கவில்லையே! 2023 மே மாதத்தில் மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தையும் தியாகராயர் நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைத்து, ஏறத்தாழ 570 மீட்டர் நீள உயர்நடைமேம்பாலம் திறக்கப்பெற்றது. முதியோர்க்கும் பயணியர்க்கும் அது நல்லதே. எனினும், மேலே செல்லும் ஒவ்வொரு காலடியும் கீழே ஒரு கடையின் முன் நடவாத காலடி என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் எல்லார்க்கும் ஒன்றுதானா? அரங்கநாதன் தெருவில் 2008 செப்டம்பரில் ஒரு பெரிய கடை தீப்பற்றித் தொழிலாளர் இருவர் மாண்டனர். விதி மீறிய பல கட்டடங்களைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 2011 அக்தோபர் இறுதியில் பூட்டி முத்திரையிட்டது. 2012 தொடக்கத்தில், உச்ச நயன்மன்றத்தின் இடைக்கால ஆணையால் அவை திறந்தன. 2017 மே 31 அன்று உசுமான் சாலையில் ஏழடுக்குத் துணிக்கடை ஒன்று எரிந்து, பின்னர் இடித்துத் தள்ளப்பெற்றது. மாடி மீறினால் வழக்கும் தவணையும் வரன்முறையும் உண்டு. கூடை மீறினாலோ தூக்கி எறிதல் ஒன்றே உண்டு!

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயர் கட்டடங்கள் என வகுத்தன. அவற்றுக்குரிய தளப்பரப்பை, மனையின் பரப்பைப்போல் இரண்டரை மடங்கிலிருந்து மூன்றேகால் மடங்காக உயர்த்தின. கட்டணம் பெற்றுக்கொண்டு அதற்கும் மேலே கட்ட இடமளித்தன. மாடி உயர உயர மனைவிலை ஏறும். மனைவிலை ஏறினால் கீழ்த்தளத்தின் வாடகை ஏறும். தையற்காரரும் தேநீர்க்கடைக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் வெளியேறுவர். அவர்கள் இருந்த இடத்தில் மதிற்சுவரும் வண்டிக் கொட்டகையும் காவலர் கூண்டும் நிற்கும். மாலைக்குப்பின் அவ்வழியே தனித்துச் செல்லும் பெண்ணுக்குத் துணையாக அங்கே ஒரு விளக்கில்லை, ஒரு முகமில்லை. அது வளர்ச்சியா?

ஆதலின் கேட்க வேண்டியது இதுவே: வானத்தில் கூடுதல் பரப்புப் பெறுவோர், மண்ணில் ஒரு பங்கைத் திருப்பித் தரல் வேண்டும். தெருவை நோக்கிய கீழ்த்தளத்தில், கட்டுப்படுத்திய வாடகையில் சிறுகடைகளும், நடைபாதையை அடுத்து வகுத்த இடத்தில் தெரு வணிகரும் இருத்தல் வேண்டும். இஃது இரவல் கேட்பதன்று. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம் தெரு வணிகர்க்கே. அவருள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்டிர். ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இயல்பான சந்தைகளிலிருந்து வணிகரை இடம்பெயர்க்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. கடைத்தொழிலாளர் அமர இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் செய்தது. சட்டம் இருக்கிறது, கேட்கும் வாய்தான் வேண்டும்.

கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மை பெறல் வேண்டும் என்று விதி வைத்தும், அதைக் காக்க அரசு அலுவலர் அலைய வேண்டியுள்ளது. தெருவில் நின்று விலை கூவும் தாயின் தமிழுக்கோ விதியும் தேவையில்லை, பலகையும் தேவையில்லை. அவள் வெளியேறும் நாளில் ஒரு வணிகம் மட்டுமன்று, தெருவின் தமிழும் சேர்ந்தே வெளியேறும்.

சென்னையில் நேர்வது நாளை தேனியிலும் ஆண்டிப்பட்டியிலும் நேரும். மாடி எழுந்தபின் அழுது பயனில்லை. இவ்வூர்களிலிருந்து அங்குச் சென்று கடை விரிப்போர் ஒன்றுசேர்க! தேனி அல்லிநகரம் நகராட்சியிடமும் ஆண்டிப்பட்டிப் பேரூராட்சியிடமும் கணக்கெடுப்பையும் சான்றையும் விற்பனைக் குழுவில் தங்கள் இடத்தையும் இன்றே கேட்க! மாடங்கள் எழுக! அவற்றின் காலடியில் எளியவரின் அங்காடியும் நிலைத்து வாழ்க!