காம்பரா இலக்கமும் கணனி விலாசமும்

(சி.சி.என்.ஏ. எனும் கணனி வலையமைப்புப் பரீட்சையில் சித்தி பெற்ற தோட்டப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தலைமன்னாருக்கு அழைத்துச் சென்றிருந்தபோது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த களைப்பு எல்லோர் முகத்திலும் தெரிகிறது. மலைக் குளிரில் இருந்து இறங்கியவர்களுக்கு மன்னார் வெயிலும் புதுசு. ஆகவே நாம் அதிகம் நீட்டப் போவதில்லை.

நமது பாட்டன் பூட்டன்மார் பலர் வந்து இறங்கிய கரை இது. இங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். 200 வருட நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை போய்ச் சேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அன்று வந்தவர்களுக்கு விலாசம் கிடையாது. எந்தக் கங்காணியின் ஆள் என்பதுதான் விலாசம்.

விலாசத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம்? பஸ்ஸில் ஓர் அம்மா கேட்டார்: "பய என்னமோ பாஸ் பண்ணிட்டேங்கிறான். வயர் இழுக்கிற வேலைங்களா ஐயா?" வயரும் இருக்கிறது அம்மா. ஆனால் உங்கள் மகன் படித்ததில் பெரும் பங்கு விலாசம்தான். நம்மிடம் தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா என்று இருப்பதைப் போல ஒவ்வொரு கணனிக்கும் இலக்கம் உண்டு. முன் பகுதி எந்த லயம் என்று சொல்லும், பின் பகுதி எந்தக் காம்பரா என்று சொல்லும். ஒரே லயம் என்றால் நேரே கூப்பிடலாம். வேறு லயம் என்றால் வாசலைத் தாண்ட வேண்டும். மன்னார் தீவுக்குள் வாகனத்தில் வர நமக்கு ஒரு பாலம்தானே இருந்தது? அந்த மாதிரி வாசலில் நின்று வழிகாட்டுவது ரூட்டர். ஒரு வழி அறுந்தால் வேறு வழி உண்டா என்று பார்ப்பதும் அதன் வேலை. இங்கே 1990இல் அறுந்த ரயில் பாதை மறுபடி தலைமன்னார் துறை வரை வர 2015 மார்ச் ஆனது. ரூட்டருக்கு அவ்வளவு நேரம் கொடுக்க மாட்டார்கள்!

இனி விஷயத்துக்கு வருவோம். பாஸ் பண்ணியாச்சு. அடுத்தது என்ன?

நமது டிவிஷனில் ஒரு பிள்ளை சில வருடங்களுக்கு முன்பே இதே பரீட்சையில் சித்தி பெற்றார். வேலைக்கு விண்ணப்பமும் போட்டார். நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கேயே கிடந்தது. கைக்குக் கிடைத்தபோது திகதி போய்விட்டது. லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததன் பலன் இது. அவர் கடிதத்துக்குக் காத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியும். ஆனால் நாமும் போய்த் தேடிப் பார்க்கவில்லை. அது எமது பிழை. அவர் மனம் வெறுத்து கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டார். இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம்தான். கடையில் மூன்று வருடம் போனது, சான்றிதழும் போனது. இப்போது மறுபடி எழுதப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

பணம் என்றால் சும்மா இல்லை. பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 90,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் வந்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால் ஓர் அம்மா 67 பேர் போட்டால்தான் அது வரும். அட்டை கடித்து, மழையில் நனைந்து 67 நாள்.

ஆகையால் பிள்ளைகளே, அடுத்த பெரிய சான்றிதழுக்கு உடனே பாயாதீர்கள். சி.சி.என்.பி. என்பது இரண்டு பரீட்சை, 400 டொலரும் 300 டொலரும். வேலையில் கை படாமல் அதை எழுதினால் தாளில் இருப்பது தலையில் நிற்காது. முதலில் ஒரு வேலை, அல்லது நைட்டா மூலம் தொழில் பழகுநர் பயிற்சி. சம்பளம் குறைவுதான், பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். வேலை பழகிய பின் எது பிடிக்கிறது என்று அவர்களுக்கே விளங்கும். வெளியே அலைந்து கண்ணாடி இழைக் கேபிள் பொருத்தப் பிடித்தவர் உண்டு. ஒரே இடத்தில் இருந்து சேர்வரைக் கவனிக்கப் பிடித்தவர் உண்டு. திருட்டுத்தனமாக நுழைபவரைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு வேலையில் புத்தி போகிறவரும் உண்டு. அப்போது அதற்கேற்ற சான்றிதழை எடுக்கட்டும். மூன்று வருடத்துக்குள் அப்படி மேல் பரீட்சை ஒன்றை எழுதிச் சித்தி பெற்றால் இதுவும் புதுப்பிக்கப்படும். அல்லது சிஸ்கோ ஏற்கும் பாடநெறிகளில் 30 புள்ளிகள் சேர்த்தாலும் போதும்.

இன்னொன்று. இது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சான்றிதழ். நம் நாட்டின் தொழிற் தகைமை என்.வி.கியூ. தனி. அதில் 7 மட்டங்கள். 4ஆம் மட்டத்தில் இருந்து டிப்ளோமாவுக்கு ஏறி, இரத்மலானை யுனிவொடெக் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம். உயர்தரத்தில் தவறியவர்கள் இதை வடிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை அனுபவத்தை வைத்தும் என்.வி.கியூ. பெற முடியும்.

கொழும்பில் மட்டும்தான் வேலை என்றும் எண்ண வேண்டாம். இந்தத் தீவின் தென்கரையில் நிற்கும் 30 காற்றாடிக் கோபுரங்களை நாளை பார்ப்போம். மின்சார சபை 2020 டிசம்பரில் திறந்த 103.5 மெகாவோட் நிலையம் அது. இப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு கோபுரத்துக்குள்ளும் கணனி இருக்கும். அதை இழைக் கேபிள்தான் கட்டுப்பாட்டு அறையோடு சேர்க்கும். ஆஸ்பத்திரி, வங்கி, கார்மண்ட் எங்கும் இதே கதைதான். பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று இரண்டு தகப்பன்மார் கேட்டார்கள். வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பியபோது இந்தக் கேள்வி எங்கே போனது என்று நாமும் கேட்டுவிட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி தருவோம். சித்தி பெற்ற திகதி, சான்றிதழ் முடியும் திகதி, தொலைபேசி இலக்கம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். கடிதம் வரும் விலாசமாக லயத்தை மட்டும் போட வேண்டாம். டவுனில் தெரிந்த கடையோ உறவினர் வீடோ இருந்தால் கேட்டுக்கொண்டு அதைப் போடுங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் எமது அலுவலக விலாசத்தைப் போடுங்கள். வரும் கடிதத்தை அன்றைக்கே லயத்துக்குக் கொண்டு வந்து தருவோம்.