சித்திரை விருந்துக்கு மேசையை அழகு செய்வோம்

சித்திரை முதல் நாள் வருகிறது. ஏப்ரல் 14 அன்று விடிந்ததுமே வாசலில் கோலம், நிலைப்படியில் மாவிலைத் தோரணம், அடுக்களையில் வேப்பம்பூவை நெய்யில் வறுக்கிற வாசனை என்று வீடு களைகட்டிவிடும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற நாம், எல்லோரும் கூடி உட்காரப் போகிற சாப்பாட்டு மேசையை மட்டும் கடைசி நிமிஷத்தில்தான் நினைக்கிறோம். முந்தின நாள் செய்தித்தாள், மாத்திரை டப்பா, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு இலையைப் போட்டுவிடுகிறோம். அந்த மேசையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பண்டிகைச் சாப்பாடென்றால் தரையில் பந்தி போட்டுச் சாப்பிடுவதுதான் அழகு, மேசைக்கு மாறியதில் ஏதோ குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் எத்தனையோ வீடுகளில் பந்தியை விட்டு விலகி, ஓரத்தில் நாற்காலி போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள். இன்றைக்குப் பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் அடுத்தடுத்து உட்காருகிறார்கள் என்றால், அது நல்ல மாற்றம். கோலத்துக்கும் தோரணத்துக்கும் காட்டுகிற அக்கறையை அந்த மேசைக்கும் காட்டலாம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். பல வீடுகளில் ஆறு பேர் உட்காருகிற மேசை ஐந்தடி நீளம், மூன்றடி அகலம் இருக்கும். பெரிய தலைவாழை இலையை அப்படியே விரித்தால் பக்கத்து இலையோடு இடிக்கும். ஒன்றரை அடி நீளத்துக்கு நறுக்கிய இலை என்றால், ஒரு பக்கத்துக்கு மூன்று தாராளமாக அமையும். இலையின் அகலம் சுமார் ஓரடி. எதிரெதிரே இலை போட்டபின் நடுவில் மிஞ்சுவது ஓரடிப் பட்டைதான். நீங்கள் செய்யப்போகிற அலங்காரம் எதுவானாலும் அந்த ஓரடிக்குள் அடங்க வேண்டும். குழம்புச் சட்டி, பொரியல் பாத்திரம், தண்ணீர்க் குடுவை எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுவந்து வைத்தால் பூவுக்கும் இடமில்லை, கைக்கும் இடமில்லை. மேசையின் இரண்டு ஓரங்களும் காலியாகத்தானே இருக்கின்றன? ஓர் ஓரத்தில் சாதப் பாத்திரமும் தண்ணீரும் இருக்கட்டும். மற்றவை பக்கத்தில் ஒரு முக்காலியில் இருக்கட்டும்.

அந்த நடுப்பட்டையில் என்ன வைக்கலாம்? இதற்காகக் கடைக்குப் போகவே வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கொங்குப் பகுதியிலும் சித்திரைக் கனி பார்க்கிற வழக்கம் இருக்கிறது. முதல் நாள் இரவே ஒரு தாம்பாளத்தில் மா, பலா, வாழை என்று முக்கனியும், வெற்றிலை பாக்கும், பூவும், காசும், நகையும் அடுக்கி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். காலையில் கண் திறந்ததும் அதில்தான் விழிக்க வேண்டும். எல்லோரும் கனி பார்த்து முடித்ததும் நகையையும் காசையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பழத்தட்டை மேசைக்குக் கொண்டுவாருங்கள். மாம்பழ மஞ்சள், வெற்றிலைப் பச்சை, இரண்டு சரம் கொன்றைப்பூ. வேறென்ன வேண்டும்? இந்த வழக்கம் இல்லாத வீடுகளிலும் ஒரு தட்டுப் பழம் வைக்கலாம். விருந்து முடிந்ததும் அதையே நறுக்கிப் பரிமாறிவிடலாம். குப்பைக்குப் போகாத அலங்காரம் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

ஆனால் உயரம் முக்கியம். அன்னாசியை நிமிர்த்தி வைத்தால், எதிரில் இருக்கிறவரின் முகம் மறைந்துபோகும். ஊரிலிருந்து வந்த அண்ணனையும் அத்தையையும் பார்த்துப் பேசத்தானே இந்த விருந்து? நடுவில் எது வைத்தாலும் ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. நீண்ட ஜாடியில் பூச்செண்டு வைப்பதைவிட, அகலமான பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு, பூவை மிதக்க விடுவது எவ்வளவோ மேல். சித்திரை வெயிலுக்குத் தண்ணீரில் இருக்கிற பூ சீக்கிரம் வாடவும் செய்யாது.

பூ என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாமிக்குச் சாத்துகிற பூவெல்லாம் சாப்பிடுகிற இடத்துக்கு ஆகாது. அரளிப்பூ பூஜையறையில் இருக்கலாம், மேசைக்கு வரவே கூடாது. அரளியில் வேர், இலை, பூ எல்லாமே நஞ்சு. நம் மாநில மலரான செங்காந்தள் கண்ணைப் பறிக்கிற அழகுதான், அதுவும் நஞ்சே. சின்னக் குழந்தைகள் கையில் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்வார்கள். சாமந்தியும் ரோஜாவும் வைக்கலாம். ஆனால் கடைப் பூவில் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும், அலசித்தான் வைக்க வேண்டும். இலையைச் சுற்றி இதழ் தூவுகிற பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அது வேண்டாம். மின்விசிறியைப் போட்டதும் இதழெல்லாம் பறந்து பருப்பில் விழும்.

மின்விசிறி இல்லாமல் சித்திரை மதியத்தில் சாப்பிட முடியாது. ஆகவே மேசையில் விளக்கும் வேண்டாம். காற்றில் சுடர் அலையும், புடவைத் தலைப்பு அருகில் இருக்கும், குழந்தைகள் எட்டி எட்டிக் கை நீட்டுவார்கள். குத்துவிளக்கை அது வழக்கமாக இருக்கிற இடத்திலேயே ஏற்றுங்கள். ஊதுபத்தியும் சாம்பிராணியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னரே அடங்கிவிடட்டும். மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் புளிப்பும் வேப்பம்பூவும் கலந்து வருகிற மணத்துக்கு ஈடாக இன்னொரு மணம் அந்த அறையில் தேவையில்லை. மல்லிகைச் சரத்தைக்கூடத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள், மேசையில் வைக்காதீர்கள்.

அடுத்தது விரிப்பு. நம் கரூரில் நெய்கிற மேசை விரிப்பும் கைத்துண்டும் கப்பலேறி, வெளிநாடுகளில் கிறிஸ்துமஸ் விருந்து மேசைகளை அலங்கரிக்கின்றன. நம் வீட்டு மேசையிலோ பூப்போட்ட பிளாஸ்டிக் தாள் கிடக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களில், உணவு மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் ஒன்று. கெட்டியான பருத்தி விரிப்பு ஒன்று வாங்கிவிட்டால் பல பண்டிகைக்கு வரும். வெள்ளை அழகுதான், ஆனால் சாம்பாரும் மஞ்சளும் புழங்குகிற நம் விருந்துக்குக் கட்டம் போட்ட நிறத் துணியே பொருத்தம். மஞ்சள் கறை பட்டு, சோப்புப் போட்டதும் அது சிவப்பாக மாறினால் பதற வேண்டாம். மஞ்சளின் இயல்பு அது. நன்றாக அலசி, நல்ல வெயிலில் உலர்த்துங்கள், கறை மங்கிவிடும். துணி விரிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கண்ணாடி மேசையிலும் கிரானைட் மேசையிலும் ஈர இலை வழுக்கிக்கொண்டே போகும். அடியில் துணி இருந்தால் அசையாமல் நிற்கும்.

இலையைப் பண்டிகைக்கு முதல் நாளே வாங்கிவிடுகிறவர்கள், ஈரத்துணியில் சுருட்டி நிழலில் வையுங்கள், கிழியாது. நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மேசையில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலையை விளிம்பை ஒட்டிப் போட்டால் ரசம் வழிந்து நேரே மடியில் இறங்கும். சற்றே உள்ளே தள்ளிப் போடுங்கள். அதன்பின் பரிமாறுவதே பெரிய அலங்காரம்தான். உப்பு, ஊறுகாய், பச்சடி, பொரியல், கூட்டு என்று மேல் பாதியில் ஒன்றோடொன்று ஒட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக, வரிசையாக வைத்துப் பாருங்கள். பச்சை இலையில் அந்த நிறங்கள் எழுந்து நிற்பதைப் போல எந்தப் பூவும் நிற்காது. அள்ளிக் கொட்டினால் அந்த அழகு போய்விடும். பத்து வயதுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், அத்தனை கருத்தாகச் செய்வார்கள்.

இப்படிக் கறிவகைகளை முன்கூட்டியே வைத்துவிடுவதில் முக்கியமான லாபம் ஒன்று இருக்கிறது. சாதமும் குழம்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பரிமாறுவதற்கென்று ஒருவர் கடைசிவரை நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவர், எல்லோரும் எழுந்தபின் ஆறிப்போன ரசத்தோடு தனியாகச் சாப்பிடுகிற வழக்கத்தை இந்த வருஷம் நிறுத்திவிடலாம். ஆகவே நேயர்களே, சந்தையில் இலை வாங்கும்போது சமைக்கிறவருக்கும் சேர்த்து எண்ணி வாங்குங்கள். அந்த இலையை முதலில் போடுங்கள், சாதப் பாத்திரத்துக்குப் பக்கத்து இடத்தில். அவர் வந்து உட்கார்ந்த பிறகு சாப்பிடத் தொடங்குங்கள்.