துருவுக்கும் காரணம் உண்டு

இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் துரு. இது என்ன பிரமாத விஷயம் என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். ஆனால் ஏர்க்கொழு முதல் ரயில் பாலம் வரை இரும்பை நம்பியே நமது பிழைப்பு நடக்கின்றது. அந்த இரும்பைத் தின்பது துருவேயாகும்.

டில்லியில் குதுப் மினாருக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கின்றது. உயரம் சுமார் 7 மீட்டர். எடை 6 டன்னுக்கு மேல். சுமார் 1,600 வருஷ காலமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது அழியவில்லை. இதை அற்புதம் என்பவர்கள் உண்டு. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கோத்து அணைத்தால் அதிர்ஷ்டம் வரும் என்று ஜனங்கள் கட்டிக் கட்டித் தேய்த்ததால், 1997-ல் வேலி போட வேண்டியதாயிற்று!

அற்புதம் என்று சொல்லி விட்டால் விசாரணை அதோடு முடிந்தது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் போன்றவர்கள் அப்படி விடாமல் காரணத்தைத் தேடினார்கள். அக்காலக் கொல்லர்கள் சுண்ணாம்பு சேர்க்காமல் மரக்கரியைக் கொண்டே இரும்பை உருக்கியதால், பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கி விட்டது. இத்தூணில் அது சுமார் 0.25 சதவிகிதம், இக்கால உருக்கிலோ பொதுவாக 0.05-க்கும் குறைவு. அந்தப் பாஸ்பரஸ் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகச் செய்தது. டில்லியின் வறண்ட காற்றும் துணை செய்தது. மண்ணில் புதைந்திருந்த பாகமோ துருப்பிடித்தே இருந்தது. அற்புதம் மண்ணுக்கு மேலே மட்டுந்தான் வேலை செய்யுமோ?

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்தால் அது விரைவில் பரவும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் அந்த உப்புக் காற்றில் அரிக்கப்பட்டு, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இதை விதி என்று விட்டு விட்டார்களா? இல்லை. 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளைப் போட்டார்கள், பாலிசிலாக்சேன் என்னும் பூச்சைப் பூசினார்கள், இணைப்புகளைப் பற்றவைத்தார்கள். 1948-ல் தோன்றிய காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், எந்த உலோகம் எந்தக் காற்றில் எவ்வளவு அரிக்கப்படுகிறது என்பதையும் ஆராய்ந்து வருகின்றார்கள்.

ஆகவே தோழர்களே! உங்கள் கலப்பையும், ஜன்னல் கம்பியும், கிணற்றுக் குழாயும் துருப்பிடித்தால் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பதிலும் பிரயோஜனமில்லை. உள்ளே அது தின்று கொண்டேயிருக்கும். முதலில் துருவைச் சுரண்டி எடுங்கள்; ஈரம் போகக் காய வையுங்கள்; பிறகு பூசுங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைத் தேடி அடையுங்கள்.

"ஏன்?" என்று கேட்டவனுக்கே தடுக்கும் வழி தெரிந்தது. இரும்பு விஷயத்தில் மாத்திரமல்ல, எந்த விஷயத்திலும் அப்படியே கேட்க வேண்டுமென்று சொல்லி நாம் முடித்துக் கொள்ளுகின்றோம்.