சக்கரம் வைத்த வீட்டில் அலாஸ்கா வரை

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் லிஃப்டில் நம் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், அலாஸ்கா போயிட்டு வந்தீங்களாமே, ஒரு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். படம் காட்டினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் பிளாக்குகளில் பலருக்கு மகனோ மகளோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். என்றாவது ஒருநாள் அவர்களும், "அப்பா, இந்த முறை ஆர்.வி. எடுத்துக்கிட்டுக் கனடா வழியாப் போகலாமா?" என்று கேட்பார்கள். அப்போது உங்களுக்கு உதவட்டும் என்று, படங்களை விட்டுவிட்டு, நாங்கள் திட்டம் போட்ட கதையைச் சொல்கிறேன். ஓர் இடத்தில் தப்பிப் பிழைத்த கதையும் உண்டு.

ஆர்.வி. என்பது சக்கரம் வைத்த சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். மகள் சியாட்டிலில் இருக்கிறாள். அங்கிருந்து கனடாவின் டாசன் கிரீக் ஊர் ஏறக்குறைய 1,300 கி.மீ. அலாஸ்கா நெடுஞ்சாலை அங்கேதான் தொடங்குகிறது. யூகான் வழியாக அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை இன்னும் சுமார் 2,200 கி.மீ. போகிறது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவத்தினர் ஒரே ஆண்டில் காட்டையும் சதுப்பையும் வெட்டிப் போட்ட சாலை அது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின வீரர்கள்.

மாப்பிள்ளை முதலில் பத்து நாளில் போய்வரலாம் என்றார். ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஃபேர்பேங்க்ஸ் வரை போய்த் திரும்பினால் 7,000 கி.மீ.க்கு மேல். இவ்வளவு பெரிய வண்டியை ஒரு நாளைக்கு 400 கி.மீ.க்கு மேல் ஓட்டினால் அலுத்துவிடும். ஓட்டுவதற்கே 18 நாள். நடுநடுவே ஓய்வு சேர்த்து 25 நாள் என்று முடிவானது. இந்த வண்டி லிட்டருக்கு நான்கு கி.மீ. கொடுத்தாலே பெரிது. அப்படியென்றால் 1,800 லிட்டர் பெட்ரோல். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டதால் பிற்பாடு வீட்டில் வருத்தம் வரவில்லை.

அடுத்தது காகிதங்கள். நாங்கள் செய்ய இருந்த பெரிய தவறு இங்கேதான். "ஒரு தடவை போறோம், ஒரு தடவை வர்றோம்" என்று நினைத்திருந்தோம். வரைபடத்தைப் பார்த்தால், அமெரிக்காவிலிருந்து கனடா, கனடாவிலிருந்து அலாஸ்கா, மறுபடி கனடா, மறுபடி அமெரிக்கா. மொத்தம் நான்கு எல்லை! இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். இரு நாட்டு விசாவும் பலமுறை நுழைவதற்கு அனுமதிப்பதாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் தங்க உங்களுக்குக் கொடுத்த கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே, சென்னையில் இருக்கும்போதே கனடா விசாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

வாடகை வண்டி என்றால், கனடாவுக்குள் கொண்டுபோகலாம் என்று நிறுவனம் எழுத்தில் தரவேண்டும். அந்த வடக்குச் சாலைக்கு அனுமதி உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சரளைச் சாலையில் போகக்கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். கி.மீ. கூடினால் எவ்வளவு கட்டணம் என்பதையும் கேளுங்கள். வண்டியின் காப்பீடு கனடாவிலும் செல்லும் என்பதற்கான அட்டை கையில் இருக்கட்டும். நமக்கு மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இரண்டு நாடும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். பேரக்குழந்தையோடு தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் வந்தால், மற்றவரின் சம்மதக் கடிதம் கைவசம் இருப்பது நல்லது.

எல்லையில் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், என்ன கொண்டுபோகிறீர்கள் என்பார்கள். பழம், காய்கறி, இறைச்சி, விறகு இவற்றுக்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. விறகை அந்தந்த ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம். என் மனைவி பருப்புப்பொடி, ஊறுகாய், அப்பளம் உட்பட எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அதிகாரி வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். சொல்லாமல் வைத்திருப்பதுதான் வம்பு.

தண்ணீர் விஷயம் நம்மவர்களுக்குச் சுலபமாகப் புரியும். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் அல்லவா நாம்! எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் சுமார் 150 லிட்டர். நாலு பேர் இங்கே குளிப்பதுபோல் குளித்தால் ஒரே வேளையில் காலி. கழிவுக்கு இரண்டு டாங்க்: கழிப்பறைக்கு ஒன்று, குளியல், பாத்திரத் தண்ணீருக்கு ஒன்று. அதற்கென்று உள்ள இடத்தில் குழாயை மாட்டி, கழிப்பறை டாங்கை முதலில் திறக்க வேண்டும். மற்றதைப் பிறகு திறந்தால் அந்தத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை மறக்காதீர்கள். முதல் நாள் அதைச் செய்தபிறகு நம் எஸ்.டி.பி. ஆபரேட்டர்மீது எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

பெட்ரோலுக்கு எங்கள் விதி, பாதி டாங்க் ஆனதும் நிரப்புவது. பங்குகள் தூரம் தூரமாக இருக்கும், சில மூடியும் கிடக்கும். செல்போனில் மணிக்கணக்காக சிக்னல் இருக்காது. அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டோம். 1949 முதல் வெளிவரும் 'தி மைல்போஸ்ட்' என்ற வழிகாட்டிப் புத்தகத்தையும் வாங்கினோம். எந்த மைலில் பங்க், எங்கே முகாம் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

இனி அந்தத் தப்பிப் பிழைத்த கதை. என் மனைவிக்கு இன்சுலின் உண்டு. லியார்ட் வெந்நீர் ஊற்று என்ற இடத்தில் இரவு தங்கினோம். அன்று நல்ல குளிர். காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால், பின்பக்கக் குளிர்த்தகடை ஒட்டி வைத்திருந்த இன்சுலின் பேனாக்கள் உறைந்து போயிருந்தன. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகவைத்துப் போடக்கூடாது, தூக்கித்தான் எறியவேண்டும். சுற்றிலும் காடு, சாலை ஓரத்தில் காட்டெருமைகள். அடுத்த ஊர் வாட்சன் லேக், 200 கி.மீ.க்கு மேல். பெரிய ஊரான வைட்ஹார்ஸ் இன்னும் 440 கி.மீ. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அவள்தான் பதறாமல், "என்னங்க, என் ஹேண்ட்பேக்கை எடுங்க" என்றாள். புறப்படும் முன் நம் ஊர் டாக்டர், "மருந்தை ஒரே இடத்தில் வைக்காதீங்கம்மா" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டு இரண்டு பேனாவைத் தனியாகப் பையில் வைத்திருக்கிறாள். பயன்பாட்டில் உள்ள பேனா சாதாரண அறைவெப்பத்தில் சில வாரம் தாங்கும். அதை வைத்து வைட்ஹார்ஸ் வரை சமாளித்தோம். அங்கே மருந்துக்கடையில் நம் பிராண்டு பெயர் அவர்களுக்குப் புரியவில்லை. டாக்டர் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் எழுதியிருந்ததால் மருந்தாளர் பார்த்து இணையானதைக் கொடுத்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே மருந்தை இரண்டு இடத்தில் வையுங்கள். பொதுப்பெயருடன் சீட்டு வாங்குங்கள். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் மாட்டிவிடுங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். நாங்கள் வயதானவர்கள், நாளுக்கு இவ்வளவு தூரம்தான் முடியும் என்று பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் மாப்பிள்ளையே பாதி வழியில், "நல்லவேளை மாமா, பத்து நாள்னு கிளம்பலை" என்றார்.

வாட்சன் லேக்கில் ஒரு பலகைக் காடு இருக்கிறது. 1942இல் வீட்டு ஞாபகம் வந்த ஒரு ராணுவ வீரர் தன் ஊர்ப்பெயரை எழுதி நட்டது, இன்று ஆயிரக்கணக்கான ஊர்ப் பலகைகளாக வளர்ந்திருக்கிறது. மனைவி அங்கே வெகுநேரம் நின்றாள். "அடுத்த தடவை நம்ம அபார்ட்மென்ட் பேரை எழுதிக் கொண்டுவரணும்" என்றாள். யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள், பலகைச் செலவு என்னுடையது. நாங்கள் போட்ட பட்டியலின் நகலும் என்னிடம் இருக்கிறது. மாலையில் பூங்காவில்தான் நடந்துகொண்டிருப்பேன், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.